கூடம் கோணல்

இதோ இன்னொன்று. வேதவல்லி அதைப் பிடித்து லேசாக வலப்பக்கம் நகர்த்திக் கோட்டின்மேல் உட்காரவைத்தாள். உட்கார்ந்தது. அடுத்ததைப் பார்த்தால் கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது, அதை இடப்பக்கம் இழுக்க வேண்டும். அதற்கடுத்தது மறுபடியும் முந்திரிக்கொட்டையாக முன்னால். காலையிலிருந்து இதே பிழைப்புதான். கம்ப்யூட்டர் திரையில் மேலிருந்து கீழாகக் கோடுகள், தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு. டிரம்ஸில் விழுந்த ஒவ்வொரு அடியும் தலை பெருத்து வால் சிறுத்த தலைப்பிரட்டை மாதிரி அந்தக் கோடுகளுக்கு நடுவே கிடக்கிறது. எல்லாத் தலையையும் கோட்டின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது, டிரம்ஸ் தாளத்தில் நிற்கும், கேட்பவர்கள் ஆகா என்பார்கள், இவள் பெயர் எங்கேயும் வராது. வராவிட்டால் போகட்டும். சாயங்காலத்துக்குள் இது தேறியாக வேண்டும், இல்லையென்றால் வெளியே சோபாவில் உட்கார்ந்திருக்கிற மொய்தீன் பாயின் கதை முடிந்துவிடும். இசையமைப்பாளர் கார்முகில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கார்முகில் என்பது சினிமாவுக்கு வைத்துக்கொண்ட பெயர், அவர் அம்மா போனில் கூப்பிட்டால் இன்றைக்கும் முருகேசாதான். "பாய் கை போச்சுன்னு நினைக்கிறேன் வேதா. நீ ஒட்டவெச்சுப் பாரு. தேறலைன்னா சாயங்காலம் நானே வந்து அவருகிட்ட பக்குவமா சொல்லிடறேன். இனிமே மெஷின்ல போட்டுக்கலாம்." பக்குவமாகவாம். தலை நரைக்கிறவரைக்கும் குச்சி பிடித்த மனுஷனிடம் உன் கை போய்விட்டது என்று சொல்வதில் என்ன பக்குவம் வேண்டிக்கிடக்கிறது, வெங்காயம்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஸ்டூடியோ என்றால் அப்படித்தான், வெளிச்சத்தம் வரக்கூடாது என்று நாலு சுவருக்கும் பஞ்சு வைத்துத் தைத்துவிடுவார்கள், சாலிகிராமத்தில் வெயில் அடிக்கிறதா மழை கொட்டுகிறதா என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. டிரம்ஸ் இருக்கிற உள்ளறையைப் பார்க்க ஒரு பெரிய கண்ணாடி, வெளிக்கதவில் ஒரு சாண் கண்ணாடி, அவ்வளவுதான். அதில் பாயின் முழங்கால் தெரிந்தது, முழங்காலின்மேல் வலது கை, மணிக்கட்டில் புதுசாக ஒரு பட்டை, மெடிக்கல் ஷாப்பில் பழுப்பு நிறத்தில் தொங்குமே, அது. விரல்கள் தொடையில் தட்டின, நின்றன, மறுபடி தட்டின. தன் கையைத் தானே சோதித்துப் பார்க்கிறார். பார்க்காதே, திரையைப் பார். பார்த்தாள். ஏசி முதுகில் அடித்தது, கழுத்து வலித்தது, போன மழையில் ஊறின சுவரிலிருந்து ஒரு பூஞ்சை வாசனை. இந்த வாசனைக்கு நடுவே இந்த நாற்காலியில் உட்காருவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா. பெரம்பூரிலிருந்து ரயில் பிடித்து, பஸ் பிடித்து, வந்து சேர்ந்த புதுசில் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். டீ வாங்கி வா, ஒயரைச் சுற்றி வை, அவ்வளவுதான். பொம்பளைக்கு எதற்கும்மா இந்த வேலை, பாட வேண்டியதுதானே என்றார்கள். குரல் இருந்தால் பாடமாட்டாளா. அப்போது ஒரு நாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாய், மைக்கில், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, ஒயர் சுத்தற பொண்ணு, உன்னைத்தான். ஸ்நேர் எப்படிக் கேக்குது?" என்றார். ஸ்நேர் என்பது முழங்காலுக்கு நடுவே இருக்கிற டிரம், டப் டப் என்று பாட்டையே நிறுத்திப் பிடிப்பது. "டப்பா மாதிரி இருக்கு பாய்" என்று உளறிவிட்டாள். அவர் சிரித்தார். இறங்கி உட்கார்ந்து டிரம்மின் தோலை இறுக்குகிற சாவியைத் திருகித் திருகித் தட்டிப் பார்த்து, "இப்ப?" என்றார். இப்போது நன்றாக இருந்தது. அன்றையிலிருந்து பாய் இவளைக் கேட்காமல் ஒரு டேக், ஒரு தடவை வாசித்துப் பதிவது, கொடுத்ததில்லை. அவர் கேட்கக் கேட்க மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள், அப்படி வந்தது இந்த நாற்காலி. இல்லை, அப்படி மட்டும் வரவில்லை, உழைத்தாள். ஆனால் அப்படியும்தான் வந்தது.

போன மாதம் முதல் பாட்டு எடுத்தபோது இந்தப் பேச்சே இல்லை. பாய் வழக்கம்போல வாயில் பாக்கை அதக்கிக்கொண்டு, மேல்சுவரைப் பார்த்துக்கொண்டு, அடுப்பில் வைத்த பாலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பேப்பர் படிக்கிற மாதிரி வாசித்து முடித்தார். உள்ளே வந்து எல்லோரும் கேட்டார்கள். கார்முகில் முகம் சுளித்தார். "லேட்டா இருக்கே பாய்?" பாய் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆமாம், எங்கேயோ இழுக்கிறது. "ஹெட்போன்ல ஏதாச்சும் பார்க்கணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கார்முகில் இவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லு வேதா" என்றார். அவள் திரையைப் பார்த்தாள். காதை நம்பவில்லை, திரையை நம்பினாள். தலைப்பிரட்டைகள் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் கிடந்தன. "ஆமா பாய், கொஞ்சம் பின்னாடிதான் இருக்கு." நாக்கில் சனி என்பது இதுதான். பாய் உடனே ஒத்துக்கொண்டார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. வயசாவுதில்ல." அவர் போன பிறகு கார்முகில், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், ஹெட்போனைப் பார்க்கணுமாம்" என்று சிரித்தார். இவளும் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? சார் சிரித்தார், சிரித்தாள். இன்றைக்குக் காலையில் ரெண்டாவது பாட்டு. "பாய், கொஞ்சம் முன்னாடி தள்ளி வாசிங்க" என்று கார்முகில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பாய் மேலே பார்க்கவில்லை, கையையே பார்த்து வாசித்தார். அதன் லட்சணம்தான் இது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று நடுத்தெருவில். இதைக் கோட்டில் உட்காரவைத்தாலும் பிணத்துக்குப் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கும், எத்தனை தலையைத்தான் நகர்த்துவது.

சரி, முதல் பாட்டையாவது பார்ப்போம், அதில் பாயின் கை நன்றாக இருந்த இடம் ரெண்டு கிடைத்தால் வெட்டி இங்கே ஒட்டலாம் என்று அதைத் திறந்தாள். திறந்து, பெரிதாக்கி, முதல் அடியைப் பார்த்தாள். கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால். ரெண்டாவது அடி, அதே கொஞ்சம். சரணத்துக்குப் போனாள், அதே கொஞ்சம். காலால் உதைக்கிற பெரிய டிரம், அதுவும் அதே. கடைசி அடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டாள், ஸ்கேலை வைத்து அளந்த மாதிரி எல்லாம் ஒரே அளவு பின்னால். மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஏதோ ஒன்று இடித்தது, இன்னதென்று உடனே பிடிபடவில்லை. மனுஷன் தப்புச் செய்வான். ஆனால் ஒரே தப்பை ஒரே அளவில் பாட்டு முழுக்கச் செய்வானா? கை நடுங்கினால் ஒரு இடத்தில் நடுங்கும், ஒரு இடத்தில் தப்பிக்கும். தூங்கி வழிந்தால் போகப்போக இன்னும் பிந்துவான். இப்படி ஒரே சீராகப் பிந்துவதற்குத் தெய்வக்கை வேண்டும், அந்தக் கை உள்ளவன் எதற்குப் பிந்துகிறான்? அப்படியென்றால் பிந்தியது பாய் இல்லை. வேறு யார்? அறையில் வேறு யார் இருந்தார்கள்? மெஷின் இருந்தது. இவள் இருந்தாள்.

பொட்டி. மைக்கில் விழுகிற சத்தத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற சவுண்டு பொட்டி. பழையது, முதல் பாட்டு எடுப்பதற்கு முன்னாலேயே, மழைநாளில் கரண்டு ஏறி இறங்கிக் கருகிப்போனது, புதுசு வாங்கினார்கள், ஆள் வரவழைக்கலாமா என்று கார்முகில் கேட்டதற்கு, "ஆள் எதுக்கு சார், நானே மாட்டிடறேன்" என்று சொன்னவள் இவள்தான். என்ன பெருமை அப்போது. பழைய பொட்டிக்கு ஒரு வியாதி உண்டு, எதையும் ஒரு மயிரிழை முன்னதாகவே பதிந்துவிடும், அதற்காக மென்பொருளில் ஒரு மூலையில், எல்லாவற்றையும் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொல்லி ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தாள். வேதவல்லி போட்ட எண். புதுப் பொட்டி வந்ததும் அதை எடுத்தாளா? எடுத்திருப்பாள். எடுக்காமல் இருப்பாளா. எடுத்த ஞாபகம் இருக்கிறதா? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு கிளிக்தான். அதைச் செய்யாமல் தண்ணீர் குடித்தாள். தலைமுடியை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு எழுந்து ஒரு ஒயரை எடுத்து, பொட்டி பேசுகிற ஓட்டையிலிருந்து அது கேட்கிற ஓட்டைக்கே சொருகினாள். நடுவில் மனுஷனே இல்லை, கை இல்லை, குச்சி இல்லை. தாளம் பிடிக்க வாசிப்பவர் ஹெட்போனில் கேட்கிற மெஷினின் டிக் டிக்கை மெஷினுக்கே கொடுத்துப் பதிந்தாள். டிக், டிக், டிக், டிக். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாள். மெஷினின் டிக் தன் கோட்டிலிருந்து தானே பிந்திக் கிடந்தது. அதே கொஞ்சம். பாய் பிந்திய அதே கொஞ்சம். மூலையைத் திறந்தாள், எண் அங்கேயேதான் இருந்தது, செத்துப்போனவனுக்கு வாங்கின மருந்து பிழைத்திருக்கிறவன் வாயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆடத் தெரிந்தவர் சரியாகத்தான் ஆடியிருக்கிறார். கூடம்தான் கோணல். கட்டினவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

மற்றதெல்லாம் ஏன் தெரியவில்லை என்றால், பாடுகிற பெண் இழுத்துப் பாடுபவள், வயலின் ஓசையில்லாமல் உள்ளே வருவது, அதிலெல்லாம் தலை எது வால் எது என்று யார் கண்டது. டிரம்ஸ் ஒன்றுதான் அடித்த இடத்தில் அடித்தேன் என்று காட்டிக்கொடுக்கும். சொல்லிவிட வேண்டும். சார், தப்பு என்னோடது. சொன்னால்? கார்முகில் கத்தமாட்டார், அவர் கத்துகிற ஆளில்லை. சரி விடு என்பார், மறுநாளிலிருந்து ஒரு பையனை உட்காரவைத்துவிட்டு, நீ அவனுக்குக் கூடமாட இரு என்பார். ஊரில் நாலு ஸ்டூடியோவுக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு ஆம்பளை இந்த எண்ணை மறந்தால் மறந்துட்டான்பா என்பார்கள், சிரித்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போவார்கள். இவள் மறந்தால், அப்பவே சொன்னோமே. நாலாம் வகுப்பில் கணக்கு நோட்டில் ஒரு தப்பை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகி, பின்பக்கத்துச் சரியான கணக்கும் சேர்ந்து போய், டீச்சர் அந்த ஓட்டை வழியாக இவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கண். ச்சே, இப்போது எதற்கு அது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. எண்ணை எடுத்துவிடலாம், முதல் பாட்டு மொத்தத்தையும் பிடித்து ஒரே தள்ளாக இடப்பக்கம் தள்ளிவிடலாம், நானே உட்கார்ந்து சரிபண்ணினேன் சார் என்று காட்டலாம். பாய்க்கும் வேலை போகாது, இவளுக்கும் போகாது. யாருக்கு நஷ்டம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சோறு நிறைய இருக்கிறது. ஆனால் அந்த மணிக்கட்டுப் பட்டை. அவர் டாக்டரிடம் போயிருக்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் கையை நீட்டி மடக்கிப் பார்த்திருப்பார். வீட்டம்மா என்ன என்று கேட்டிருப்பார், இவர் ஒண்ணுமில்லை என்றிருப்பார். சொல்லு. சொல்லாதே. ஆப்பசைத்த குரங்கு மாதிரி இந்தப் பக்கமும் வர முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. கதவைத் திறந்தால் சோபா, சோபாவில் அவர். அவரைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குக்கூடப் போக வேண்டும். அவள் போகவில்லை, அடக்கிக்கொண்டாள். எண்ணை எடுத்தாள். பாட்டைத் தள்ளினாள். ஒரே தள்ளு. போட்டுக் கேட்டாள், ஸ்நேர் சரியான இடத்தில் டப் என்று விழுந்தது, பல்லாவரம் குவாரிக் கல்லை வைத்த மாதிரி. எப்படி வாசித்திருக்கிறார் மனுஷன். அழுகை வந்தது, அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கார்முகில் வரும்போதே செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தேறுச்சா?" என்றார். "முதல் பாட்டைக் கேளுங்க சார்" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பல்லவி முடிவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அடேங்கப்பா. இது அந்த டேக்கா?"

"அதே டேக்தான் சார்."

"செத்ததை எழுப்பி உட்காரவெச்சிருக்கியே வேதா." கதவைத் திறந்து, "பாய், உள்ள வாங்க, வந்து உங்க பாட்டைக் கேளுங்க" என்று கூப்பிட்டார்.

பாய் வந்து சுவரோரமாக நின்று கேட்டார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். பாட்டு முடிந்தது. அவருக்குக் கண் நிறைந்திருந்தது, மறைக்கவும் இல்லை.

"இது நான் வாசிச்சது இல்லம்மா" என்றார்.

"இல்ல பாய். நீங்க வாசிச்சதுதான். நான் ஒண்ணுமே பண்ணலை."

"உன் நல்ல மனசு, அப்படிச் சொல்றே."

"இவ எப்பவும் இப்படித்தான் பாய்" என்றார் கார்முகில். "தன்னைப் பத்திச் சொல்லிக்கவே மாட்டா."

சொல்லியாகிவிட்டது. உண்மையைத்தான் சொன்னாள், அட்சரம் பிசகாமல் சொன்னாள், அவர்கள் நம்பவில்லை என்றால் அதற்கு அவளா பொறுப்பு? நாளைக்கு யார் கேட்டாலும் நான் அன்றைக்கே சொன்னேன் என்று சத்தியம் செய்யலாம். இவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அப்படியே வெளியே போய்விடலாம், ரயிலைப் பிடிக்கலாம். அதற்குள் பாய் தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இன்னிக்கி வாசிச்சதை நானே கேட்டேன், அசிங்கமா இருக்கு. இந்தப் பொண்ணு உட்கார்ந்து ஒவ்வொண்ணா நகர்த்தி, எத்தனை நாளைக்கு என்னைத் தூக்கி விடும்? இந்தப் படத்தோட விட்டுடறேன்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாய்" என்றார் கார்முகில். ஆனால் பக்குவமாகச் சொல்லும் வேலை மிச்சமானதில் அவர் தோள் இறங்கியது வேதாவுக்குத் தெரிந்தது.

"சார், உட்காருங்க" என்றாள். "பாய், நீங்களும் இப்படி வாங்க. ஒண்ணு காட்டணும்." எடுத்த எண்ணைத் திரும்பப் போட்டாள். ஒயரைச் சொருகினாள். மெஷினின் டிக்கை மெஷினுக்கே கொடுத்துப் பதிந்து, பெரிதாக்கி, கோட்டையும் டிக்கையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க யாரும் வாசிக்கலை. அப்பவும் லேட்டாதான் விழுது. பழைய பொட்டிக்குப் போட்ட நம்பரை எடுக்காம விட்டுட்டேன். அந்தப் பாட்டுல பாய் ஒரு அடி கூடப் பிசகலை சார். மொத்தத்தையும் ஒரே தள்ளாத் தள்ளினேன், அவ்வளவுதான்."

கார்முகில் திரையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "எப்போலேர்ந்து?"

"பொட்டி மாத்துன அன்னிலேர்ந்து."

"மாட்டுனது யாரு?"

அவருக்குத் தெரியாதா. "நான்தான் சார்."

"சரி. அப்புறம் பேசிக்கலாம்" என்று செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று வேதாவுக்குத் தெரியும். பாயின் பக்கம் திரும்பினாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இன்னிக்கிக் காலையில வாசிச்சது?" என்று கேட்டார். "அதுவும் பொட்டிதானாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அந்தத் தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக மேய்த்தவள் அவள், முன்னால் ஓடினதையும் பின்னால் தங்கினதையும் எண்ணமுடியாமல் பார்த்தவள். எந்தப் பொட்டியும் அப்படிச் சிதற அடிக்காது. "உள்ள போய் உட்காருங்க பாய்" என்றாள். "இப்ப எல்லாம் சரியா இருக்கு. ஒரு தடவை வாசிச்சிடலாம்."

அவர் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டினார். வேதா எண்ணை எடுத்தாள், எடுத்துவிட்டோமா என்று மூன்று தடவை பார்த்தாள், ஹெட்போனுக்கு டிக் டிக்கைப் போட்டாள். டிக், டிக், டிக், டிக். முதல் அடி விழவேண்டிய இடம் வந்தது, போனது, குச்சி இறங்கவில்லை. "மன்னிச்சிடும்மா, இன்னொரு தடவை" என்றார் பாய். போட்டாள். டிக், டிக், டிக், டிக். குச்சியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டு, எப்போது அடிப்பது என்று பாய் யோசித்துக்கொண்டிருந்தார்.